முதலில் முகர்ந்த நாள்

இங்கிலாந்தின் வடக்கே யார்க் என்றொரு பழைய ஊர். அங்கே காப்பர்கேட் என்ற தெருவில் 1976 முதல் 1981 வரை நடந்த அகழாய்வில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வைகிங்குகள் வாழ்ந்த குடியிருப்பு வெளிப்பட்டது. ஈரமண் காற்றுப் புகாமல் மூடிக்கொண்டிருந்ததால் மரச்சுவர், தோல் செருப்பு, துணித்துண்டு என்று மட்கிப்போக வேண்டியவையெல்லாம் மிச்சமிருந்தன. 1984-இல் அதே இடத்தில் ஜோர்விக் வைகிங் மையம் என்ற அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பொருள்களை வைத்துக் காட்டும் வழக்கத்தை விட்டு, அந்தத் தெருவையே திரும்பக் கட்டி, பார்வையாளர்களைச் சிறிய வண்டியில் அமர்த்தி அதன் ஊடே அழைத்துச் சென்றார்கள். கூடவே நாற்றங்களையும் செயற்கையாக உருவாக்கிப் பரப்பினார்கள். எரிந்த விறகு, ஆப்பிள், குப்பைக் குழி, மீன் சந்தை, தார் பூசிய கயிறு, ஈரமண் என்று வண்டி நகர நகர மணம் மாறும்.

ஜான் ஆகில்டன், லூயிஸ் வாஸ்கெட் என்ற இரு உளவியலாளர்கள் இதில் ஒரு நல்ல வாய்ப்பைக் கண்டார்கள். இப்படி ஒரு கலவையான வாசனைத் தொகுதியை மக்கள் வேறெங்கும் முகர்ந்திருக்க வழியில்லை. பல ஆண்டுகளுக்கு முன் அந்த மையத்துக்குப் போய்வந்தவர்களைத் தேடிப் பிடித்து, அங்கே என்னென்ன பார்த்தீர்கள் என்று கேள்வித்தாள் கொடுத்தார்கள். சிலருக்கு எழுதும்போது ஜோர்விக்கின் அதே வாசனைகளை முகரக் கொடுத்தார்கள், சிலருக்குச் சம்பந்தமில்லாத வேறு வாசனைகள், சிலருக்கு எதுவுமில்லை. 1999-இல் வெளியான முடிவு: ஆறேழு ஆண்டுகள் கழிந்த பிறகும், அந்த இடத்து வாசனையோடு எழுதியவர்களுக்கே கூடுதலான விவரங்கள் நினைவுக்கு வந்தன.

இந்த ஆய்வை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆய்வுக்கூடத்தின் வெள்ளைச் சுவர்களுக்கு வெளியே, மனிதர்கள் தம் போக்கில் போய்வந்த ஒரு நாளைக் கொண்டு செய்த சோதனை அது. ஆனால் நாம் எல்லோரும் உணர்ந்திருக்கும் அந்த விஷயத்தை இது முழுதாக விளக்கிவிடுவதில்லை. பாச்சை உருண்டை போட்ட பெட்டியைத் திறந்ததும் பாட்டி வீட்டு அறை கண்முன் நிற்கிறது. ஜூன் மாதம் புதுப் பாடப்புத்தகத்தைப் பிரித்ததும் வயிற்றில் ஒரு கலக்கம் புரள்கிறது. மருத்துவமனை வாசலில் டெட்டால் நெடி எட்டியதுமே என்றோ முடிந்துபோன ஒரு இரவின் பயம் தொண்டையை அடைக்கிறது. இங்கே வாசனை ஒரு குறிப்புச் சீட்டாக மட்டும் வேலை செய்யவில்லை. நாம் நினைப்பதற்கு முன்பே உடம்பு அந்த நாளுக்குப் போய்விடுகிறது. என்ன நினைவு என்று தெரிவதற்கு முன்பே என்ன உணர்ச்சி என்று தெரிந்துவிடுகிறது. விளக்கம் வேண்டியது இந்த வரிசைக்குத்தான்.

பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் ப்ரூஸ்த் 1913-இல் வெளியிட்ட நாவலில், தேநீரில் நனைத்த மாதலேன் கேக்கைச் சுவைத்தவுடன் கதைசொல்லிக்குத் தன் பால்யத்தின் ஊரே மீண்டு வருகிறது. அதனால் உளவியலாளர்கள் இதற்கு 'ப்ரூஸ்த் நிகழ்வு' என்று பெயரிட்டிருக்கிறார்கள். அவர் சொன்னது சுவையைத்தானே, வாசனையை இல்லையே என்று கேட்கலாம். நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி ஆகியவற்றை மட்டும். மற்றதெல்லாம் மெல்லும்போது வாயின் பின்புறம் வழியாக மூக்குக்கு ஏறும் ஆவியின் வேலை. சளி பிடித்தால் ரசம் வெறும் புளிப்புத் தண்ணீராகிவிடுவது இதனால்தான். மாதலேனும் மூக்கின் வழியாகவே நினைவுக்குப் போனது.

இதை அளந்து பார்த்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க உளவியலாளர் ரேச்சல் ஹெர்ஸ். ஒரே பொருளை ஒரு முறை பெயராகவும், ஒரு முறை படமாகவும் ஒலியாகவும், ஒரு முறை வாசனையாகவும் கொடுத்து, எழும் நினைவுகளை ஒப்பிட்டார். அவர் கண்டது பலரும் எதிர்பார்க்காதது. வாசனை எழுப்பும் நினைவு மற்றவற்றைவிடத் துல்லியமானதாகவோ, விவரம் மிகுந்ததாகவோ இருக்கவில்லை. உணர்ச்சியின் வேகம் மட்டும் அதிகம். அந்த இடத்துக்கே திரும்பிப் போய்விட்ட உணர்வும் அதிகம். 2004-இல் ஐந்து பெண்களை மூளை வருடியில் (ஸ்கேனரில்) படுக்க வைத்து இன்னொரு சோதனை செய்தார். ஒவ்வொருவருக்கும் இனிய நினைவு ஒன்றோடு பிணைந்த ஒரு வாசனைத் திரவியம் இருந்தது. அதன் குப்பியைப் பார்த்தபோது நிகழ்ந்ததைவிட, அதை முகர்ந்தபோது அமிக்டலாவும் ஹிப்போகேம்பஸைச் சுற்றிய பகுதியும் கூடுதலாகத் தூண்டப்பட்டன. ஐந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆயினும் திசையைக் காட்டிவிட்டது.

அமிக்டலா, ஹிப்போகேம்பஸ் என்ற இந்த இரண்டு பெயர்களும் இனி அடிக்கடி வரும். இரண்டும் காதுக்கு உட்பக்கமாக, மூளையின் பொட்டு மடலின் ஆழத்தில் அக்கம்பக்கமாக இருப்பவை. அச்சம், ஆசை, அருவருப்பு என்று ஒரு நிகழ்வின் உணர்ச்சி எடையை நிறுப்பது அமிக்டலா. எங்கே, எப்போது, யாரோடு என்று அந்த நிகழ்வைக் கோத்து வைப்பது ஹிப்போகேம்பஸ். வாசனை இவற்றை வந்தடையும் பாதைதான் அதன் தனித்தன்மை.

மூக்குத் துளைகளின் உச்சியில், இரு கண்களுக்கும் இடைப்பட்ட உயரத்தில், தபால்தலை அளவுக்கு ஒரு சவ்வு இருக்கிறது. அதில் பல லட்சம் முகர்வு நரம்புச் செல்கள். காற்றில் மிதந்து வரும் மூலக்கூறு அங்குள்ள சளியில் கரைந்து, செல்லின் நுனியில் இருக்கும் ஏற்பி என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இந்த ஏற்பிகளை உண்டாக்கும் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 1991-இல் கண்டுபிடித்தார்கள். 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. எலியிடம் ஏறத்தாழ ஆயிரம் வகை, நம்மிடம் வேலை செய்பவை நானூறு வகை அளவில். நிறத்தைப் பிரித்தறியக் கண்ணுக்கு மூன்றே வகைக் கூம்புச் செல்கள் போதும் என்பதை நினைத்தால், மணத்துக்கு உடல் எவ்வளவு செலவழிக்கிறது என்பது புரியும். மனிதனின் மோப்பம் மட்டமானது என்ற நம்பிக்கை 19-ஆம் நூற்றாண்டு உடற்கூறியலாளர்கள் விட்டுச் சென்றது. அதற்குச் சான்று போதாது என்று நரம்பியலாளர் ஜான் மெக்கான் 2017-இல் எழுதினார். நானும் அவர் பக்கம்தான்.

ஒவ்வொரு முகர்வுச் செல்லும் ஒரே வகை ஏற்பியை மட்டும் ஏந்தியிருக்கும். அதன் இழை மண்டையோட்டின் சல்லடை போன்ற எலும்பைத் துளைத்து மேலே ஏறி, முகர்வுக் குமிழ் என்ற சிறு பகுதியைத் தொடுகிறது. அங்கிருந்து செய்தி நேரே அமிக்டலாவுக்கும், பிரிஃபார்ம் புறணி என்ற முகர்வுப் புறணிக்கும், ஹிப்போகேம்பஸின் வாசலான என்டோரைனல் புறணிக்கும் போய்விடுகிறது. பார்வை, ஒலி, தொடுகை மூன்றும் முதலில் தலாமஸ் என்ற இடைநிலையத்தில் நின்று, பிறகு தத்தம் புறணிக்குப் போய், பல கட்டம் பகுக்கப்பட்ட பின்புதான் நினைவுக்கும் உணர்ச்சிக்குமான பகுதிகளைப் பெரும்பாலும் வந்தடைகின்றன. மணத்துக்கு அந்தச் சுற்று இல்லை. மூக்கிலிருந்து இரண்டே நரம்புச் சந்திகளைத் தாண்டினால் அமிக்டலா; இன்னும் ஒன்று தாண்டினால் ஹிப்போகேம்பஸ். இது என்ன வாசனை என்று பெயர் தேடும் பகுதிகளுக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள், அதன் எடையை நிறுக்கும் வேலை தொடங்கிவிடுகிறது. உணர்ச்சி முந்திக்கொள்வதன் முதல் காரணம் இந்தக் குறுக்குவழி.

மூளை வருடிகள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இந்த அண்டைவீட்டு உறவை ஒரு மருத்துவர் ஊகித்திருந்தார். லண்டனின் ஹியூலிங்ஸ் ஜாக்சன். வலிப்பு வருவதற்குச் சற்று முன் சில நோயாளிகளுக்கு இல்லாத ஒரு கெட்ட நாற்றம் அடித்தது. கூடவே, இதெல்லாம் முன்பே நடந்தது போன்ற கனவு நிலையும் வந்தது. இரண்டும் சேர்ந்தே வருவதைக் கவனித்த அவர், பொட்டு மடலின் உட்பக்கத்தைச் சுட்டிக்காட்டினார். 20-ஆம் நூற்றாண்டில் ஹென்றி மோலைசன் என்ற மனிதரின் வாழ்க்கை இதை வேறு விதமாக உறுதிப்படுத்தியது. தீராத வலிப்புக்காக 1953-இல் அவருக்கு அந்தப் பகுதியை இருபுறமும் வெட்டி எடுத்தார்கள். புது நினைவுகள் உருவாகும் திறனை அவர் இழந்தது நரம்பியலில் எல்லோரும் அறிந்த செய்தி. பலர் அறியாதது, மணத்துக்கு நேர்ந்தது. ஏதோ வாசனை இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது. கூடுதலா குறைவா என்றும் சொன்னார். ஆனால் இரண்டு வாசனைகள் ஒன்றா வேறா என்று அவரால் சொல்ல முடியவில்லை. நினைவின் இருப்பிடத்தை இழந்தவருக்கு மணத்தின் தன்மையே போய்விட்டது.

பாதை குறுகியது என்பதோடு பெரும்பாலான விளக்கங்கள் நின்றுவிடுகின்றன. எனக்கு அது போதவில்லை. மல்லிகை ஏன் ஒருவருக்குக் கல்யாண வீட்டையும் இன்னொருவருக்குச் சாவு வீட்டையும் கொண்டுவருகிறது என்பதற்குக் குறுகிய பாதையில் பதில் இல்லை. அந்தப் பதில் பிரிஃபார்ம் புறணியில் இருக்கிறது.

முகர்வுக் குமிழ் வரை எல்லாம் ஒழுங்கு. ஒரே வகை ஏற்பியை ஏந்திய செல்கள் மூக்கில் எங்கெங்கோ சிதறியிருந்தாலும், அவற்றின் இழைகள் குமிழில் குறிப்பிட்ட ஓரிரு புள்ளிகளில் வந்து கூடுகின்றன. பிரிஃபார்ம் புறணிக்குள் நுழைந்ததும் அந்த ஒழுங்கு காணாமல் போகிறது. அஞ்சலகத்தில் பின்கோடு பார்த்து அறைகளில் பிரித்த கடிதங்களை, அடுத்த கூடத்தில் மறுபடி ஒன்றாகக் கொட்டிவிடுவது போல. ஒரு வாசனைக்குத் தூண்டப்படும் செல்கள் புறணி முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. அருகருகே இருப்பவற்றுக்கு இடையே உறவில்லை. ஒரே தாய்க்குப் பிறந்த இரு சுண்டெலிக் குட்டிகளிடமும் இந்தச் சிதறல் ஒன்றுபோல் இருக்கக் காரணமில்லை. அப்படியானால் இந்தச் சிதறலுக்கு அர்த்தம் எங்கிருந்து வருகிறது? 2011-இல் ஆக்சலின் ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை செய்தார்கள். சுண்டெலியின் பிரிஃபார்ம் புறணியில் எந்த வாசனையோடும் தொடர்பில்லாத சில நூறு செல்களை, ஒளி பட்டால் தூண்டப்படும்படி மாற்றினார்கள். அந்தச் செல்களை ஒளியால் தூண்டும்போதெல்லாம் காலில் சிறு மின்னதிர்ச்சி. சில முறைக்குப் பிறகு ஒளி மட்டும் போதும், எலி ஓடியது. வேறு எலிகளுக்கு அதே முறையில் தண்ணீரைப் பரிசாகக் கொடுத்தபோது, அவை ஒளி வந்ததும் நக்கத் தொடங்கின. உலகில் இல்லாத ஒரு வாசனை, அனுபவம் சொன்னபடி அச்சமாகவும் ஆசையாகவும் ஆனது.

எல்லா வாசனையும் இப்படி வெற்றாக வருவதில்லை. நரியையே பார்த்திராத எலிகூட நரி நாற்றத்தின் ஒரு வேதிப்பொருளுக்கு உறைந்து நிற்கும். அதற்குப் பிறவியிலேயே அமிக்டலாவுக்கு ஒரு தனித்தடம் இருக்கிறது. ஆனால் நம் வாழ்வை நிறைக்கும் பெரும்பாலான மணங்கள், சாம்பிராணியும் பெட்ரோலும் வறுத்த காப்பிக்கொட்டையும், முதலில் வரும்போது பொருளற்றவை. அந்த முதல் நாளில் என்ன நடந்துகொண்டிருந்ததோ அதுவே அவற்றின் பொருளாகிறது.

முதல் நாள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் யாரா யெஷுருன், நோம் சோபெல் உள்ளிட்டோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பொருளின் படத்தை ஒரு வாசனையோடு சேர்த்துக் காட்டினார்கள். சற்று நேரம் கழித்து அதே படத்தை வேறொரு வாசனையோடு. ஒலிகளைக் கொண்டும் இதையே செய்தார்கள். ஒரு வாரம் சென்றபின் மூளை வருடியில் பார்த்தபோது, வாசனையோடு ஏற்பட்ட முதல் இணைப்புக்கு மட்டும் ஹிப்போகேம்பஸில் தனித்த ஒரு செயல்பாடு இருந்தது. இரண்டாம் இணைப்புக்கு அது இல்லை. ஒலியில் முதலாவதற்கும் இரண்டாவதற்கும் அந்த வேறுபாடே தோன்றவில்லை. நல்ல மணமா கெட்ட மணமா என்பதும் இதை மாற்றவில்லை.

வின்டர்கிரீன் தைலத்தின் கதை இதற்கு ஒரு பெரிய சமூக அளவிலான சாட்சி. 1960-களில் பிரிட்டனில் பலவித வாசனைகளை மக்களிடம் மதிப்பிடச் சொன்னபோது, அதன் முக்கியப் பொருளான மெத்தில் சாலிசிலேட்டை அவர்கள் மிகவும் வெறுத்தார்கள். 1970-களில் அமெரிக்காவில் கேட்டபோது மிகவும் விரும்பினார்கள். மூக்கு ஒன்றுதான். பிரிட்டனில் அந்தத் தலைமுறைக்கு அது வலிக்குத் தேய்த்த களிம்பின் மணம், போர்க்காலத்து மணம். அமெரிக்காவில் அது மிட்டாய், சூயிங்கம். ஊட்டிக் கடைகளில் நீலகிரித் தைலத்தின் பக்கத்திலேயே வின்டர்கிரீன் தைலமும் விற்கிறது. மூட்டுவலிக்கு வாங்கிப் போகிறார்கள். நம் வீடுகளில் அது முழங்காலில் தேய்த்துவிட்ட ஒரு கையின் மணமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

முதல் சந்திப்புகள் பெரும்பாலும் எப்போது நடக்கின்றன? சிறு வயதில். ஸ்வீடனில் யோஹான் வில்லான்டர், மரியா லார்சன் இருவரும் 2006-இல் முதியவர்களிடம் செய்த ஆய்வில், சொல்லையோ படத்தையோ கொடுத்தால் பெரும்பாலும் 11 முதல் 20 வயது வரையிலான நினைவுகள் எழுந்தன. வாசனையைக் கொடுத்தால் பத்து வயதுக்கு முந்தைய நினைவுகள். அவற்றை அந்த முதியவர்கள் அதுவரை அரிதாகவே நினைத்திருந்தார்கள். சொல்லால் எழும் நினைவை நாம் ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு முறையும் சற்றே திருத்தி வைத்திருக்கிறோம். மணத்தால் எழும் நினைவு யாரும் எடுத்துப் பேசாமல் கிடந்தது. அதன் வேகத்துக்கு இந்தப் புழங்காமையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

சந்திப்புகள் பிறப்புக்கு முன்பே தொடங்குகின்றன என்பதற்கும் சான்று உண்டு. பிரான்சில் பெனுவா ஷால் குழுவினர், கர்ப்பத்தின் கடைசி நாள்களில் சோம்பு மணமுள்ள தின்பண்டங்களைச் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளைப் பிறந்த சில மணி நேரத்தில் சோதித்தார்கள். சோம்பு மணத்தைக் காட்டியபோது அந்தக் குழந்தைகள் அதன் பக்கம் திரும்பின. சோம்பு சாப்பிடாத தாய்மாரின் குழந்தைகள் முகம் சுளித்தன, அல்லது பொருட்படுத்தவில்லை. பனிக்குடத்து நீரில் தாய் உண்ட உணவின் மணம் கரைந்திருக்கிறது. குழந்தை அதை விழுங்குகிறது. வளைகாப்பில் ஐந்து வகை சாதம் படைத்து ஊட்டும் ஊர்க்காரர்களாகிய நமக்கு, அந்தச் சாப்பாட்டில் உள்ளே இருப்பவருக்கும் ஒரு பங்கு போகிறது என்பது நல்ல செய்திதானே.

இதே வழி துன்பத்துக்கும் திறந்திருக்கிறது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களில் சிலருக்கு டீசல் புகை தாங்க முடியாததாக இருந்தது. சாலையில் ஒரு லாரி கடந்தால் போதும், உடல் போர்க்களத்துக்குப் போய்விடும். எரிக் வெர்மெட்டன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், போர் அதிர்ச்சியால் மனநோய்க்கு உள்ளான வீரர்களை டீசல் மணத்தை முகரச் செய்தபோது அமிக்டலாவில் இரத்த ஓட்டம் கூடியது. இத்தகையவரிடம் 'அதெல்லாம் முடிந்துபோன கதை, மறந்துவிடு' என்று சொல்வது எவ்வளவு பயனற்றது என்பதை இந்தப் பாதையின் அமைப்பே காட்டுகிறது. அந்த அறிவுரை போய்ச் சேரும் பகுதி வேறு. டீசல் போய்ச் சேர்ந்துவிட்ட பகுதி வேறு. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், எந்த வாசனை அவரைத் தொந்தரவு செய்கிறது என்று கேட்டறிந்து அதை அகற்றுவது மரியாதைக்குரிய உதவி.

இவ்வளவு ஆழமாகப் பதியும் நினைவு எந்தப் பொருளின் மீது பதிகிறது என்று பார்த்தால் வியப்புக் கூடுகிறது. மூக்கின் முகர்வுச் செல்கள் ஓரிரு மாதங்களில் செத்து, புதியவை முளைக்கின்றன. அறுபது வயதுக்காரரின் மூக்கில் அவர் சிறுவயதில் முகர்ந்த செல் ஒன்றுகூட மிச்சமிருக்காது. சரி, மூக்கு போகட்டும், மூளையிலாவது அந்த வடிவம் நிலையாக இருக்குமல்லவா? கார்ல் ஷூனோவர், ஆண்ட்ரூ ஃபிங்க் இருவரும் 2021-இல் வெளியிட்ட சுண்டெலி ஆய்வு அதையும் அசைத்துவிட்டது. ஒரே வாசனைக்குப் பிரிஃபார்ம் புறணியில் தூண்டப்படும் செல்களின் தொகுதி நாளுக்கு நாள் விலகி, ஒரு மாதத்தில் ஏறக்குறைய வேறொன்றாகிவிடுகிறது. நாள்தோறும் முகரக் கொடுத்தால் விலகல் மெதுவாகிறது, அவ்வளவே. செல்கள் மாறுகின்றன, தொகுதியும் நகர்கிறது, ஆனாலும் பாச்சை உருண்டை பாட்டி வீடாகவே இருக்கிறது. இது எப்படி முடிகிறது என்பது இன்றைய நரம்பியலின் திறந்த கேள்விகளில் ஒன்று.

மணத்தை இழந்தவர்கள்தான் இதன் மதிப்பை நமக்குச் சொன்னார்கள். 2020-இல் கோவிட் வந்தபோது உலகெங்கும் லட்சக்கணக்கானோர் ஒரே இரவில் மோப்பம் இழந்தார்கள். வைரஸ் நேரடியாகத் தாக்கியது முகர்வு நரம்புகளை அல்ல. அவற்றைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களை. பலருக்குச் சில வாரங்களில் மணம் திரும்பியது. சிலருக்குக் கோணலாகத் திரும்பியது: காப்பி அழுகல் நாற்றமடித்தது, வெங்காயம் வதக்கும் மணத்தில் குமட்டியது. கணவனின் சட்டையிலும் குழந்தையின் உச்சந்தலையிலும் பழகிய வாசம் இல்லாமல்போனபோது, தம் வீட்டிலேயே விருந்தாளி போல் ஆகிவிட்டதாகப் பலர் வருந்தினார்கள். கண் போயிருந்தால் ஊரே பரிதாபப்பட்டிருக்கும். மூக்கு போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறதி நோயும் மோப்பத்தைத் தொடுகிறது. அல்சைமர் நோயின் சேதம் முதலில் தோன்றும் இடங்களில் ஒன்று என்டோரைனல் புறணி. பெயர்கள் மறக்கத் தொடங்கும் முன்பே சிலருக்கு மணங்களைப் பிரித்தறிவது மங்குவது அதனால்தான். சளியோ சைனஸ் தொல்லையோ இல்லாமல் ஒரு முதியவர் சாம்பாரில் பெருங்காய வாசம் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னால், மருமகளின் கைப்பக்குவத்தைக் குறை சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் ஒரு முறை காட்டுங்கள். மூக்கு மங்குவதற்கு வயது உட்பட வேறு பல காரணங்கள் உண்டு. அவற்றைப் பிரித்துச் சொல்வது மருத்துவரின் வேலை.

கிருமியாலோ அடிபட்டதாலோ மோப்பம் குறைந்தவர்களுக்கு, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மருத்துவர் தாமஸ் ஹம்மல் 2009-இல் ஓர் எளிய பயிற்சியை முன்வைத்தார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என நான்கு எண்ணெய்கள். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் சில விநாடிகள் கவனத்தோடு முகர வேண்டும், பன்னிரண்டு வாரங்கள். எல்லோருக்கும் பலன் கிடைப்பதில்லை, கிடைப்பவர்களுக்கும் முழுதாகக் கிடைப்பதில்லை. ஆனால் செய்யாதவர்களைவிடச் செய்தவர்கள் தேறினார்கள். செலவு குறைவு, ஊறு இல்லை. எண்ணெய்க்குப் பதிலாக நம் அஞ்சறைப் பெட்டியின் கிராம்பையும் ஏலக்காயையும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு: மணம் தெளிவாக, நாள்தோறும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். இடித்த பொடி சீக்கிரம் மணம் இழக்கும் என்பதால், மூடியிட்ட புட்டியில் வைத்து, வாரம் ஒரு முறை மாற்றிக்கொள்வது நல்லது.